வளைவில் முடுக்கினால் வால் ஏன் வீசுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூரில் மாலை மழை பிடித்துக்கொண்டதும் பின்சக்கர இயக்கமுள்ள கார்களைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சுற்றியே இருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பெரோடுவா மைவி என்ற சிறிய கார் ஓட்டிவந்த நான், சென்ற ஆண்டு 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா 86 கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மேனுவல் கியர். அண்மையில் மழை விட்ட சிறிது நேரத்தில், நெடுஞ்சாலையில் சேரும் வட்டப் பாதையில் இரண்டாம் கியரில் சென்றுகொண்டிருந்தபோது, முன்னால் சாலை காலியாக இருப்பதைக் கண்டு ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினேன். கார் முதலில் சற்றுத் தயங்கியது. பிறகு பின்பக்கம் சட்டென்று வெளிப்புறமாக வீசி, பாதி சுற்றி நின்றுவிட்டது. வி.எஸ்.சி. எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அப்போது அணைக்கப்பட்டிருந்தது. டயர், சஸ்பென்ஷன் எதிலும் குறையில்லை என்று பட்டறையில் சொல்கிறார்கள். குறை காரிலா, என்னிடமா?
– வாசகர், செத்தாபாக்

பதில்: பட்டறைக்காரர் சொன்னதை நம்பலாம். கார் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. நீங்களும் மைவியில் பழகியதைத்தான் செய்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதுதான் நடந்தது.

மைவியில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வண்டியைத் திருப்புவதும் இழுப்பதும் முன்சக்கரங்களே ஆதலால், பிடிப்பு குறைந்தால் முன்பக்கம்தான் வழுக்கும். கார் நீங்கள் திருப்பியதைவிடக் குறைவாகத் திரும்பி, வெளியோரமாக விலகும். காலை எடுத்தவுடன் பெரும்பாலும் அது தானாகவே வழிக்கு வந்துவிடும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலிருந்து நம் நாட்டுக் குடும்பங்கள் ஓட்டிய கார்களில் மிகப் பெரும்பான்மை முன்சக்கர இயக்கமுள்ளவை என்பதால், அந்த அனுபவம் நமக்கு ஓட்டுநர் பள்ளியிலிருந்தே காலில் ஊறிப்போயிருக்கிறது. பின்சக்கர இயக்கத்தில் திருப்பும் வேலை முன்சக்கரங்களுக்கும் தள்ளும் வேலை பின்சக்கரங்களுக்கும் போகிறது. பின்டயர்கள் காரைத் தள்ளுவதோடு, வளைவில் காரின் பின்பாதி வெளியே ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டாவது வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரே சம்பளத்தில் வீட்டு வாடகையும் கார் தவணையும் கட்டுகிறவர் நிலைதான் பின்டயருடையது. தவணை கூடினால் வாடகைக்குக் குறையும். ஆனால் கணக்கு நேர்க் கழித்தலாக இல்லாமல் வட்டத்தின் கணக்காக இருக்கிறது. பிடிப்பில் 80 விழுக்காட்டைப் பக்கவாட்டில் செலவழித்த பிறகும், முன்னோக்கித் தள்ளுவதற்கு 60 விழுக்காடு மிச்சமிருக்கும் (80இன் வர்க்கமும் 60இன் வர்க்கமும் சேர்ந்தால் 100இன் வர்க்கம்). பொறியாளர்கள் இதனை உராய்வு வட்டம் என்கிறார்கள். வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போதுதான் மிச்சம் மளமளவென்று சரிகிறது.

உங்கள் காரின் எண்களையே போட்டுப் பார்ப்போம், எல்லாம் தோராயமானவை. 2 லிட்டர் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை, அதாவது அது சுழற்றும் வலு, 205 நியூட்டன் மீட்டர். கியர்பெட்டியும், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரென்ஷியலும் அதைப் பெருக்கித் தரும்போது, இழப்பு போகப் பின்டயர்கள் தரையைத் தள்ளும் விசை முதல் கியரில் சுமார் 870 கிலோ, இரண்டாம் கியரில் 525 கிலோ, மூன்றாம் கியரில் 370 கிலோ. ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை ஏறத்தாழ 1,320 கிலோ. அதில் 47 விழுக்காடு பின்னச்சின் மேல் இருக்கிறது. முடுக்கும்போது முன்பக்க எடையில் ஒரு பங்கும் பின்னால் சாய்கிறது. இதையெல்லாம் சேர்த்தால், காய்ந்த சாலையில் பின்டயர்கள் தாங்கக்கூடியது 730 கிலோ அளவில் நிற்கும். ஈரச் சாலையில் அது 420 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆக, நேர்ச்சாலையிலேயே, ஸ்டீயரிங் துளியும் திரும்பாத நிலையிலேயே, ஈரத்தில் இரண்டாம் கியரின் முழு விசையை உங்கள் டயர்கள் தாங்கா.

இனி வட்டப் பாதைக்கு வருவோம். அதன் ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 55 கிலோமீட்டரில் அங்கே திரும்பினால், ஈரச் சாலையின் பிடிப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு பக்கவாட்டிலேயே போய்விடும். தள்ளுவதற்கு மிஞ்சுவது 250 கிலோ. நீங்கள் அழுத்துகிறீர்கள், வேகம் 60 ஆகிறது. பக்கவாட்டுத் தேவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், இந்த 5 கிலோமீட்டர் மட்டுமே அந்த 80 விழுக்காட்டை 94 விழுக்காடாக்கிவிடுகிறது. மிச்சம் இப்போது 140 கிலோதான். எஞ்சினோ 500 கிலோவுக்கு மேல் கொடுக்கத் தயாராக நிற்கிறது. அதாவது, நீங்கள் அழுத்த அழுத்தக் கார் கேட்கும் பிடிப்பும் ஏறிக்கொண்டிருந்தது, தரக்கூடிய மிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. பாதை உள்நோக்கிச் சரித்துப் போடப்பட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் சாதகமாகும், ஆனால் முடிவு மாறாது.

முதலில் சற்றுத் தயங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பல வாசகர்கள் விட்டுவிடும் அந்தத் தகவலைக் குறிப்பிட்டதற்கு நன்றி. முதல் தலைமுறை 86இன் எஞ்சினில், நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கும் 4,500 சுற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் விழுந்து மீண்டும் எழும். அந்தக் காரை ஓட்டுகிறவர்கள் அனைவரும் அறிந்த குணம் இது. இரண்டாம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டிச் செல்லும்போது எஞ்சின் ஏறத்தாழ அந்தப் பள்ளத்தில்தான் இருக்கும். கார் மந்தமாக இருக்கிறதே என்று கால் தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தும். மிதி அப்படியே ஆழத்தில் இருக்க, 4,500 சுற்றைத் தாண்டியதும் விசை திரும்பி வரும். வந்த இடம் ஈரமான வளைவாக இருந்துவிட்டது.

மிச்சத்தைச் சாலை பார்த்துக்கொண்டிருக்கும். நம் மேம்பாலச் சாலைகளின் ஏறுபாதைகளில் குறுக்கே பதித்திருக்கும் இரும்பு இணைப்புப் பட்டைகளும், தடித்த வெள்ளைக் கோடுகளும் ஈரத்தில் தாரைவிட மிகவும் வழுக்குபவை. பின்சக்கரம் ஒன்று அதன் மேல் ஏறும் நொடியில் மிதி ஆழத்தில் இருந்தால், சக்கரம் சுழன்றுவிடும். சுழலத் தொடங்கிய டயரிடம் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய இராது. வால் வீசுவது அப்போதுதான். சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் தொடக்கத்தில், தாரில் படிந்த எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து மேலே மிதக்கும். மழை நன்றாகப் பெய்து கழுவிய பிறகு இருப்பதைவிட அப்போது பிடிப்பு குறைவு.

செய்ய வேண்டியது கடினமானதன்று, பழக்கம் மட்டுமே வேண்டும். வளைவில் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நடுவில் மிதியை அசையாமல் வைத்திருங்கள். வெளியேறும்போது ஸ்டீயரிங்கை எவ்வளவு நேராக்குகிறீர்களோ அவ்வளவே மிதியை ஆழப்படுத்துங்கள். கைக்கும் பாதத்துக்கும் இடையில் ஒரு கயிறு கட்டியிருப்பதாகப் பந்தயப் பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஈரத்தில் அந்த வட்டப் பாதையை மூன்றாம் கியரில் கடந்தால், அதே மிதி அசைவுக்கு டயருக்குப் போகும் விசை இரண்டாம் கியரில் போவதைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். காரின் உறுமல் குறைந்துபோகும் என்ற வருத்தம் சிலருக்கு உண்டு. தடுப்புச் சுவரில் இடித்த பம்பரின் விலையைக் கேட்டால் அது தீர்ந்துவிடும்.

கேள்வி: லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உள்ள கார் வழுக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால் 86 ஏன் வழுக்குகிறது?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நண்பர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள காரில், வளைவின் உட்பக்கச் சக்கரம் எடை குறைந்து முதலில் சுழன்றுவிடும். விசையெல்லாம் அதன் வழியே வீணாகும். வெளிப்பக்கச் சக்கரமோ பெரிதாக எதையும் தள்ளாமல், தன் பிடிப்பைப் பக்கவாட்டுக்கென்றே வைத்துக்கொண்டு காரின் பின்பாதியைக் காப்பாற்றும். கார் முன்னே பாயாது, வாலும் பெரிதாக வீசாது.

லிமிடெட் ஸ்லிப் வகை, உட்பக்கச் சக்கரம் சுழல்வதைத் தடுத்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசையை அனுப்புகிறது. 86இல் இருப்பது பல்சக்கரங்களால் இயங்கும் டோர்சன் வகை. அதனால் வளைவிலிருந்து வேகமாக வெளியேறலாம் என்பது மெய்தான். ஆனால் எல்லையைக் கடந்தால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகப் பிடிப்பை இழக்கும், காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. வேண்டுமென்றே வழுக்கவிட்டு டிரிஃப்ட் ஓட்டுகிறவர்கள் காரை வாங்கியதும் முதல் வேலையாக இறுக்கமான லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் போடுவதே வாலை வீசச் செய்வதற்குத்தான். அதையே வழுக்காமல் இருப்பதற்கான கருவி என்று சொல்வது வேடிக்கை.

கேள்வி: நான் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 ஓட்டுகிறேன். ஞாயிறு காலைகளில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் செல்லும் மலைப்பாதையில் போவதுண்டு. இதுவரை எதுவும் நேர்ந்ததில்லை. பின்பக்கம் வழுக்கத் தொடங்கிவிட்டால் அந்த நொடியில் கையும் காலும் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, பாயான் பாரு

பதில்: அந்தப் பாதையில் முதலில் சொல்ல வேண்டியது நிழலைப் பற்றி. தீத்தி கெராவாங் நீர்வீழ்ச்சியை ஒட்டிய வளைவுகளில் மரங்கள் சாலையின் மேல் கவிந்திருப்பதால், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே ஈரமும் இலைச்சருகும் கிடக்கும். டுரியான் பருவத்தில் தோட்டங்களிலிருந்து வரும் வண்டிகள் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சாலையில் விட்டுச் செல்லும். எம்.எக்ஸ்.-5 எடை குறைந்த, நல்ல குணமுள்ள கார்தான். ஆனால் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் வளைவில் எந்தக் காரின் குணமும் ஒரு நொடியில் மாறும்.

இனி உங்கள் கேள்வி. முடுக்கியதால் பின்பக்கம் வழுக்கினால், காரணம் மிதியில் இருக்கிறது, ஆகவே மருந்தும் அங்கேதான். ஆனால் மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுவது பெரும்பாலானோர் செய்வதும், காரைச் சுற்றிவிடுவதும். அப்படி எடுத்தால் எடை முன்பக்கம் பாய்ந்து பின்டயர்களின் மேலுள்ள அழுத்தம் குறையும். அதே நேரம் எஞ்சினின் இழுப்புத் தடை அந்தப் பின்டயர்களையே பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஏற்கெனவே தத்தளிக்கும் டயருக்கு இரண்டும் சேர்ந்தே எதிரி. மிதியைச் சக்கரம் சுழல்வது நிற்கும் அளவுக்கு மட்டும், மென்மையாக ஆனால் தாமதமின்றித் தளர்த்துங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள்.

கை, வால் வீசும் திசையிலேயே திருப்ப வேண்டும். வால் வலப்புறம் ஓடினால் ஸ்டீயரிங்கும் வலப்புறம். எந்தப் பக்கம் என்று யோசிக்க அந்த வேளையில் நேரமிராது. கண்ணை வளைவின் வெளியேறும் இடத்தில் நிலைநிறுத்தி, முன்சக்கரங்கள் அந்த இடத்தைப் பார்க்கும்படி கையை ஓட்டினால் திசை தானாகவே சரியாக அமையும். தடுப்புக் கம்பியைப் பார்த்தால் கார் தடுப்புக் கம்பிக்கே போகும். பயந்த கண் பார்க்கும் பக்கமே கையும் திரும்பும்.

இதற்குப் பிறகு வருவதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பின்டயர்கள் மீண்டும் பிடித்தவுடன், எதிர்ப்புறம் திருப்பி வைத்த ஸ்டீயரிங் அப்படியே இருந்தால், கார் அந்தப் பக்கமே பாயும். முதல் வழுக்கலைவிட இந்த இரண்டாவது வீச்சு வேகமானது, எதிரே வரும் வண்டியின் தடத்துக்குள் காரைக் கொண்டுபோவதும் பெரும்பாலும் இதுவே. வால் திரும்பி வரத் தொடங்குவதை இடுப்பு உணரும், கண் அதைப் பிறகுதான் காணும். உணர்ந்த கணத்திலேயே ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். திருப்பியதைவிட வேகமாக நேராக்க வேண்டியிருக்கும். இருக்கையில் நன்றாகப் பொருந்தி, முதுகு ஒட்டி அமர வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த இடுப்புணர்வு.

கார் பாதிக்கு மேல் சுற்றிவிட்டது, இனி பிடிக்க முடியாது என்று தெரிந்தால், கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒருசேர முழுவதும் மிதித்து நில்லுங்கள். கார் எங்கே போகும் என்பது ஓரளவேனும் முன்கூட்டித் தெரியும்படி இருக்கும், எஞ்சினும் நின்றுவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மலைப்பாதையில் சோதித்துப் பார்க்க வேண்டாம். செப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாள்கள் நடக்கின்றன. 1999இல் திறக்கப்பட்ட, 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் காரைச் சுற்றவிட்டாலும் விலகி ஓட இடமிருக்கிறது. பினாங்கிலிருந்து தொலைவுதான். பொதுச் சாலையில் பழகினால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அதாவது அபாயகரமாக ஓட்டியது, உங்கள் மேல் பாயக்கூடும்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு புதிய டயர்கள் வாங்கத்தான் வசதி இருக்கிறது. ஸ்டீயரிங் முன்னால் இருப்பதால் முன்பக்கம் போடலாமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: பின்பக்கம் போடுங்கள். முன்சக்கர இயக்கமுள்ள காருக்கும் இதே விடைதான். முன்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநர் சமாளிப்பார், பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்க மாட்டார். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். முதல் இரண்டு டயர் தயாரான வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பள்ளம் ஆழமாக இருந்தாலும் நம் வெயிலில் ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாக ஓடியவை என்பதால், பள்ளம் தேயாமலே கிழடான டயர்களோடு விற்பனைக்கு வருவதுண்டு. சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தேங்கிய நீரில் வேகமாகப் போகும் பின்சக்கர இயக்கக் காருக்கு அது மிகவும் குறைவு, 3 மில்லிமீட்டருக்கு இறங்கும்போதே மாற்றிவிடுங்கள். பந்தயத் தடத்துக்கான, பள்ளம் குறைந்த அரைவழுக்கை டயர்களை அன்றாட ஓட்டத்துக்குப் போட்டுக்கொண்டு மழையில் திரிவதையும் தவிர்க்க வேண்டும். காய்ந்த தாரில் அவை ஒட்டுவதைப் பார்த்து மயங்கியவர்களே முதலில் சுற்றுகிறார்கள்.

சுவையான செய்தி ஒன்று. முதல் 86ஐ உருவாக்கிய தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவும் குழுவினரும், அதற்கு 215 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரணமான மிஷலின் பிரைமசி டயர்களையே தேர்ந்தெடுத்தார்கள். குறைந்த வேகத்திலேயே காரின் எல்லையை ஓட்டுநர் உணர்ந்து விளையாட வேண்டும் என்பது நோக்கம். அகலமான, ஒட்டும் டயர் போட்டால் எல்லை உயரும். ஆனால் எல்லை வந்து சேரும்போது நீங்கள் இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: என் தந்தை டாட்சன் 120ஒய் காரைப் பல ஆண்டுகள், மழையிலும், ஈப்போ சாலையிலும் ஓட்டினார். அதுவும் பின்சக்கர இயக்கம்தானே? ஒருமுறைகூட வழுக்கவில்லை என்கிறார். இன்றைய பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது அவர் கருத்து.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தந்தையாரின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் 120ஒய் காரில் இருந்தது 1.2 லிட்டர் எஞ்சின். ஒல்லியான டயராக இருந்தும், இரண்டாம் மூன்றாம் கியரில் அந்த எஞ்சினால் பிடிப்பின் எல்லையை எட்டுவது அரிது. இன்று இளைஞர் ஒருவர் தவணையில் வாங்கும் 200 குதிரைத்திறன் காரின் திறன் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பிரேக் பிடித்து வழுக்குவது அந்தக் காலத்து ஆபத்து, முடுக்கி வழுக்குவது இந்தக் காலத்தது. தந்தையார் இன்னும் ஓட்டுகிறார் என்றால் 86ஐ அவரிடம் கொடுத்துப் பாருங்கள். மிதியை முட்டை உடையாமல் அழுத்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டக்கூடியவர் அவராகவும் இருக்கலாம்.

கேள்வி: காராக் நெடுஞ்சாலையில் குழுவாக ஓட்டும்போது நண்பர்கள் எல்லோரும் வி.எஸ்.சி.யை அணைத்துவிடுகிறார்கள். அது காரைத் தடுக்கிறது, உண்மையான ஓட்டத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். அணைப்பது தவறா?
– வாசகர், கோம்பாக்

பதில்: பொதுச் சாலையில் தவறு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் அந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது. இழுவைக் கட்டுப்பாடு, பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வதைக் கண்டதும் எஞ்சினின் விசையைக் குறைக்கிறது, தேவையானால் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடிக்கிறது. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, ஸ்டீயரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் சுழலும் வேகத்தையும் ஒப்பிட்டு, வால் வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேராக்குகிறது. நான்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும் தனியே பிரேக் பிடிப்பது எந்த மனிதக் காலாலும் ஆகாத காரியம். ஆனால் இந்தக் கருவிகள் டயரின் பிடிப்பைக் கடுகளவும் கூட்டுவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்வதோடு சரி. வளைவுக்குள் நுழைந்த வேகமே அளவுக்கு மீறியது என்றால் அவையும் கைவிரித்துவிடும்.

86இல் பட்டனைச் சிறிது அழுத்தினால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் போகும். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் போய்விடும். சிலர் எது அணைந்தது என்றே தெரியாமல் ஓட்டுகிறார்கள். சற்றுத் தாராளமாக விட்டுப் பிடிக்கும் ஸ்போர்ட் நிலையும் அதில் உண்டு, செப்பாங்கில் முதன்முறை போகிறவருக்கு அதுவே போதும். கருவி அடிக்கடி குறுக்கிட்டு விளக்கு மின்னுகிறது என்றால், அது ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று கொள்ள வேண்டாம். உங்கள் கால் எத்தனை முறை எல்லை தாண்டியது என்பதன் எண்ணிக்கை அது. விளக்கு மின்னாமல் அதே நேரத்தில் அதே வளைவைக் கடக்க முயலுங்கள். அணைத்துவிட்டு ஓட்டுவதைவிட அது கடினமான விளையாட்டு.

ஆட்டோ கியர் உள்ள நண்பர்களுக்கு ஒரு சொல். வளைவின் நடுவே மிதியை ஆழமாக அழுத்தினால் கியர்பெட்டி ஒன்றோ இரண்டோ படி கீழிறங்கி, நீங்கள் எதிர்பாராத நொடியில் விசையை ஒரேயடியாகக் கூட்டும். வளைவுக்கு முன்பே கியரைக் கையால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹோண்டா எஸ்2000 வாங்க ஆசை. ஆனால் அது ஆளைக் கவிழ்க்கும் கார் என்று பயமுறுத்துகிறார்கள். பழைய போர்ஷே 911ஐயும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: ஒன்றல்ல. எஸ்2000 1999இல் வந்தது. தொடக்கத்தில் 9,000 சுற்றுவரை செல்லும் 2 லிட்டர் எஞ்சின். ஏறத்தாழ 6,000 சுற்றில், எஞ்சின் வால்வுகளின் இயக்கத்தை மாற்றும் விடெக் அமைப்பு மாறும்போது விசை சட்டென்று படியேறும். வளைவில் அந்தப் படி வந்தால் என்ன ஆகும் என்பதை முதல் பதிலில் பார்த்தோம். அதோடு முதல் கார்களின் பின்பக்க சஸ்பென்ஷன், மேடுபள்ளத்தில் அமுங்கும்போது பின்சக்கரங்களின் கோணத்தைச் சற்றுக் கூடுதலாகவே மாற்றியது. சமமற்ற தாரில் கார் பதற்றமாக நடந்துகொண்டதற்கு அது காரணம். 2004இல் ஹோண்டா அந்த அமைப்பைத் திருத்தி, டயரையும் 17 அங்குலத்துக்கு மாற்றியது. வாங்குவதானால் அதற்குப் பிந்தைய காரைத் தேடுங்கள். முந்தையதுதான் கிடைக்கிறதென்றால் வீல் அலைன்மென்ட்டைத் தேர்ந்த ஒருவரிடம் பின்பக்கத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். காரைத் தாழ்த்தக் குட்டையான ஸ்பிரிங் போட்டிருந்தால் கழற்றிவிடுவது நல்லது. வளைவில் சஸ்பென்ஷன் அமுங்கி ரப்பர் தடுப்பில் முட்டும் நொடியில் அந்தச் சக்கரம் பிடிப்பை எச்சரிக்கையின்றி உதறிவிடும்.

911இல் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. தள்ளும் சக்கரங்களின் மேலேயே எடை உட்கார்ந்திருப்பதால், முடுக்கும்போது வழுக்கச் செய்வது மற்ற கார்களைவிடக் கடினம். அதன் ஆபத்து வளைவில் பயந்து காலை எடுக்கும்போது வருகிறது; கனமான பின்பக்கம் அப்போது ஊசல்போல் வெளியே ஓடும். 1975இல் வந்த டர்போ வகையில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. டர்போவின் விசை மிதியை அழுத்திச் சிறிது தாமதித்தே வந்ததால், ஓட்டுநர் கேட்ட இடம் ஒன்று, கிடைத்த இடம் வளைவில் வேறொன்று. திடுக்கிட்டுக் காலை எடுத்தால் முதல் ஆபத்து காத்திருந்தது.

கேள்வி: மழைக்காலத்தில் காரின் பின்பூட்டில், அதாவது பின்னாலுள்ள சாமான் அறையில், இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றி வைத்தால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: சொன்னவர் பிக்அப் வண்டி ஓட்டுகிறவராக இருக்க வேண்டும். சரக்கில்லாத ஹைலக்ஸ் வண்டியின் பின்னச்சின் மேல் எடை குறைவு, ஸ்பிரிங்கோ பாரத்துக்காக இறுக்கமாகச் செய்யப்பட்டது. ஆகவே ஈரத்தில் அதன் பின்பக்கம் எளிதாகத் துள்ளி வழுக்கும். அதில் அச்சுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டிய பாரம் உண்மையாகவே உதவும். உங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் பூட் பின்னச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே 50 கிலோ வைத்தால் நேர்ச்சாலையில் புறப்படும்போது சிறிது பிடிப்பு கூடும். வளைவில் அதே 50 கிலோவையும் சேர்த்துப் பின்டயர்கள் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த வேண்டும், வீசத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் கடினமாகும். கட்டாத மூட்டை பூட்டுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்தால் அதைவிட மோசம். மூட்டைகளை வீட்டில் இறக்கிவிட்டு டயரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தகட்டில் உள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன், காலையில் அடியுங்கள்.